இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தள்ளுவண்டி: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டிலும், மூத்தது நடக்கத் தொடங்கும்போதே இளையது பிறந்துவிட்ட வீட்டிலும் தாய்க்கு முதலில் போதாமற்போவது கைகள்தான். அம்மம்மாவோ பெரியம்மாவோ பக்கத்தில் இருந்தால் ஒன்று இடுப்பிலும் மற்றது மடியிலுமாக நாட்கள் நகர்ந்துவிடும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ வேலைசெய்ய, இரண்டு பிள்ளைகளையும் தனியே கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கும் கடைக்கும் போய்வருகின்ற தாய்மாரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருவர் அமரும் தள்ளுவண்டி ஆடம்பரப் பொருள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அதன் விலை சிறிய தொகையல்ல. நம் கடைகளுக்கு வருகின்ற இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதிப் பொருள்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து இவற்றின் விலையும் ஏறியது, 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. இவ்வளவு பணத்தைக் கொடுத்து வாங்கிய வண்டி வீட்டு வாசலுக்குள் நுழையாமலோ, ஒழுங்கை மணலில் புதைந்தோ நின்றுவிட்டால் அது விறாந்தை மூலையில் துணி போடுகின்ற இடமாக மாறிவிடும். அப்படி ஆகாமல் இருக்க, கடைக்குப் போவதற்கு முன்னரே சில விடயங்களை வீட்டிலிருந்தபடி தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இரட்டை வண்டி தேவைதானா?

இரட்டையருக்கும், ஒன்றரை வயதுக்குக் குறைந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கும் இரட்டை வண்டி பயன் தரும் என்பதில் சந்தேகமில்லை. இடைவெளி கூடக்கூட அதன் பயன் விரைவாகக் குறைகிறது. மூத்த பிள்ளைக்கு இரண்டரை வயது கடந்துவிட்டால், அதற்கு முழுநேர இருக்கை தேவையில்லை. களைத்துப்போகும்போது ஏறி நிற்க ஓர் இடம் இருந்தால் போதும். ஒற்றைத் தள்ளுவண்டியின் பின்புறத்தில் பொருத்துகின்ற சிறுசில்லுப் பலகை இதற்கென்றே விற்கப்படுகிறது. பெரும்பாலான பலகைகள் ஏறத்தாழ 20 கிலோ வரை தாங்குவனவாகத் தயாரிக்கப்படுகின்றன, விலையும் இரட்டை வண்டியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். ஏற்கெனவே மூத்த பிள்ளைக்கு வாங்கிய உறுதியான ஒற்றை வண்டி வீட்டில் இருக்குமானால், முதலில் இந்த வழியை யோசியுங்கள். ஆனால் உங்கள் வண்டியின் சட்டத்தில் அது அசையாமல் பொருந்துகிறதா என்பதைப் பொருத்திப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. முதல் சில மாதங்களுக்குக் கைக்குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணிகின்ற துணிப்பையில் வைத்துக்கொண்டு, மூத்ததை ஒற்றை வண்டியில் தள்ளிச் செல்லலாம். குழந்தையின் முகம் எந்நேரமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதன் நாடி நெஞ்சில் மடிந்து மூச்சை அடைக்காதிருக்க வேண்டும். நமது வெக்கையில் நீண்டநேரம் இப்படிச் சுமப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் கடினம் என்பதால், கிட்டிய தூரங்களுக்கே இது ஏற்றது.

இரண்டு ஒற்றை வண்டிகளைப் பிளாஸ்டிக் இணைப்பிகளால் பக்கம் பக்கமாகப் பூட்டி இரட்டை வண்டியாக்கலாம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே வகையான இரு வண்டிகளை, மழமழப்பான தரையில் ஓட்டும்போது மட்டும் அது ஓரளவுக்குச் செல்லும். குழியும் கல்லும் உள்ள வீதியில் இரண்டு சட்டங்களும் வெவ்வேறு பக்கம் முறுகி இணைப்பியின் மீது முழுப் பாரமும் விழுகிறது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கதவை அளவுங்கள், படலையை அளவுங்கள்

இரட்டை வண்டிகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. பிள்ளைகள் பக்கம் பக்கமாக இருக்கும் வண்டி ஒரு வகை. ஒருவர் பின் ஒருவராக இருக்கும் நெடு வண்டி மற்றது. முதலாவது பொதுவாக 75 முதல் 80 சென்ரிமீற்றர் அகலமானது. இரண்டாவது ஒற்றை வண்டியின் அகலத்தோடு, அதாவது 60 சென்ரிமீற்றரை ஒட்டி நின்றுவிடும், ஆனால் நீளமும் நிறையும் கூடியது.

இரண்டரை அடிக் கதவு ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர், மூன்றடிக் கதவு 91 சென்ரிமீற்றர். கதவுநிலையின் தடிப்பையும், முழுவதும் மடியாமல் நிற்கின்ற கதவின் தடிப்பையும் கழித்தால் உண்மையான திறப்பு இதிலும் இரண்டு அங்குலமாவது குறையும். ஆகவே மூன்றடி முன்வாசல் உள்ள வீட்டுக்குப் பக்கம் பக்க வண்டி தாராளமாக நுழையும். இரண்டரை அடி வாசலில் அது நுழையாது. முன்வாசலோடு நின்றுவிடாமல், வண்டியை இரவில் எங்கே வைப்பீர்களோ அந்த இடம் வரையுள்ள எல்லாத் திறப்புகளையும் அளவுங்கள். பெரிய படலையைப் பூட்டிவிட்டுச் சிறு படலையால் மட்டும் போய்வருகின்ற வீடுகளில், பெரும்பாலும் அந்தச் சிறு படலைதான் எல்லாவற்றிலும் ஒடுக்கமான இடமாக இருக்கும். அளவுகளை ஒரு தாளில் எழுதி, அளவு நாடாவையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட அகலம் சில வேளைகளில் இருக்கையின் அகலமாக இருக்கும்; நீங்கள் அளக்க வேண்டியது பின்சில்லு ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றச் சில்லின் வெளி விளிம்பு வரை.

வாசல் ஒடுக்கம் என்பதற்காக உடனே நெடு வண்டிக்குத் தாவிவிட வேண்டாம். விறாந்தைக்கு ஏறுவதற்கு இரண்டு மூன்று படிகள் உள்ள வீட்டில், பிள்ளைகளோடு அதை ஏற்றி இறக்குவது ஒருவரால் ஆகாத காரியம். முன்சில்லைத் தூக்குவதற்குப் பிடியைக் கீழே அழுத்த வேண்டும். முன்னிருக்கையில் 12 கிலோ எடையுள்ள பிள்ளை இருக்கையில் அந்த அழுத்தத்துக்குப் பெரும் பலம் தேவை. சிசேரியன் செய்துகொண்ட தாய் முதல் ஆறு வாரங்களுக்குத் தன் குழந்தையின் எடைக்கு மேல் தூக்கக்கூடாது என்றே வழக்கமாக அறிவுறுத்தப்படுகிறது. வெறும் வண்டியே 15 கிலோ இருந்தால் அவரால் அதைத் தொடவும் முடியாது. இத்தகைய வீடுகளில் படியின் ஒரு பாதியை ஒட்டிச் சாய்தளம் ஒன்றைக் கொங்கிரீட்டில் போட்டுவிடுவது, விலை கூடிய வண்டியை வாங்குவதைவிடப் பயன் தரும். பின்னர் அது வீட்டு முதியவர்களுக்கும் உதவும்.

நெடு வண்டியில் வேறு இரு குறைகளும் உண்டு. பின்னால் இருக்கின்ற பிள்ளைக்கு முன்னிருக்கையின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது, காற்றும் குறைவு. முன்பிள்ளையைத் தூங்குவதற்குச் சாய்த்தால் பின்பிள்ளையின் கால்களுக்கு இடமில்லாமற்போகிறது. பக்கம் பக்க வண்டியில் இருவருக்கும் தனித்தனிச் சாய்வும் தனித்தனிக் கூரையும் இருப்பதால், ஒன்று உறங்கும்போது மற்றது நிமிர்ந்திருந்து வேடிக்கை பார்க்கலாம். அதன் குறை, பிள்ளைகளின் எடை பெரிதும் வேறுபட்டால் வண்டி பாரமான பக்கத்துக்கு இழுபடும் என்பது; முழு அகலத்துக்கும் ஒரே பிடி கொண்ட வண்டியில் இந்த இழுவை குறைவாகவும், இரண்டு தனித்தனிப் பிடிகள் கொண்ட குடைமடிப்பு வண்டியில் கூடுதலாகவும் தெரியும்.

வீதியே சில்லைத் தீர்மானிக்கிறது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் சில்லைப் பற்றி ஓரிரு வரிகளே இருக்கும், ஏனென்றால் அங்கே நடைபாதைகள் சீரானவை. நமக்கு அதுதான் முதற் கேள்வி. கல்முனை, சாய்ந்தமருது வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் ஏ4 வீதி தார் போட்டதுதான். ஆனால் அதன் ஓரத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களையும் வடிகான் மூடிகளின் இடைவெளிகளையும் கடந்துதான் வண்டியைத் தள்ள வேண்டும். உள்வீதிகளில் கொங்கிரீட் போட்டவை தவிர்ந்த ஏனையவை கிறவல் அல்லது மணல். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களில் கடலை நெருங்கும் ஒழுங்கைகளில் மணல் காலைப் புதைக்கும். சில்லு சிறிதாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால், அதன் கீழ் விழும் பாரம் மிகச் சிறிய பரப்பில் அழுந்தி அது மணலுக்குள் இறங்கிவிடுகிறது. கல்லொன்றை மோதும்போதும் ஏறமுடியாமல் அப்படியே நின்று, பிள்ளைகளை முன்னோக்கி உலுக்குகிறது.

ஆறு அங்குலத்துக்குக் குறைந்த இரட்டைச் சிறுசில்லுகள் கடைத்தொகுதித் தரைக்கும் வைத்தியசாலை நடைக்கூடத்துக்கும் மட்டுமே உகந்தவை. கொங்கிரீட் உள்வீதிக்கும் தார் ஓரத்துக்கும் எட்டு அங்குலம் வேண்டும். கிறவலில் நாள்தோறும் போய்வருபவர் பத்து அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட பின்சில்லு உள்ளதைத் தேட வேண்டும். பாசிக்குடாவிலோ கல்லடியிலோ கடற்கரை மணலில் இறங்கி ஓட்டக்கூடிய தள்ளுவண்டி என்று ஒன்று சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலைக்குள் இல்லை. அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதே வழி.

சில்லுகள் இரு வகை. திணிவான நுரைச் சில்லுக்குக் காற்றடிக்க வேண்டியதில்லை, நெருஞ்சி முள்ளுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. காற்றடைத்த சில்லு குலுக்கலைப் பெரிதும் குறைக்கும். அது பழுதானால் எங்கே போவது என்ற பயம் பலருக்கு உண்டு. தள்ளுவண்டிகளில் வருகின்ற 12 அங்குலக் காற்றுச் சில்லுகளில் பல, சிறுவர் சைக்கிளின் 12 அங்குல டியூப்பையே ஏற்கின்றன. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவைக் குறித்துக்கொண்டு போனால் உங்கள் சந்தியிலுள்ள சைக்கிள் திருத்தும் கடையிலேயே வேலை முடிந்துவிடும். இந்த ஒரு காரணத்தினால், நெடுநாள் பாவிக்க எண்ணுபவர்களுக்குக் காற்றுச் சில்லு நல்ல தெரிவு என்பேன்.

முன்சில்லு சுழலக்கூடியதாகவும், தேவைப்படும்போது நேராகப் பூட்டக்கூடியதாகவும் இருப்பது முக்கியம். கிறவலில் சுழலும் சில்லு குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டால் நேராக உருளும்.

பிள்ளையின் வயதும் எடையும்

பிறந்த குழந்தைக்கு முதுகுச் சாய்வு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்க வேண்டும். தலையைத் தானாக நிறுத்தி, தாங்கலின்றி உட்காரத் தொடங்கும்வரை, அதாவது பெரும்பாலும் ஆறு மாதம் வரை, நிமிர்ந்த இருக்கை அதற்கு ஆகாது. நிமிர்த்தி வைத்த சிறு குழந்தையின் தலை முன்னே சரிந்து மூச்சுப்பாதை ஒடுங்கக்கூடும். தள்ளுவண்டிகளுக்கான ஐரோப்பிய நியமமான இ.என். 1888, பிறந்தது முதல் பாவிக்கலாம் என்று விற்கப்படும் வண்டியில் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலான கோணம் 150 பாகையாவது விரிய வேண்டும் என்கிறது. மலிவான குடைமடிப்பு இரட்டை வண்டிகளில் பல இந்த அளவுக்குச் சாய்வதில்லை. இரண்டாம், நான்காம் மாதத் தடுப்பூசிகளுக்கு இரட்டையரை வண்டியில் கொண்டுபோக எண்ணினால், இரண்டு இருக்கைகளும் தட்டையாகச் சாய்கின்றனவா என்பதே உங்கள் முதற் கேள்வியாக இருக்கட்டும். நெடு வண்டிகளில் பெரும்பாலும் ஓர் இருக்கை மட்டுமே அப்படிச் சாயும்.

இனி எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தரமான ஒரு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 9 கிலோவும், மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ 14 கிலோவும் இருக்கும். இருவரும் சேர்ந்து 23 கிலோ. 13 கிலோ வண்டியோடு 36 கிலோவை நீங்கள் தள்ளப் போகிறீர்கள். மேற்சொன்ன ஐரோப்பிய நியமத்தின் முதற் பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கும், இரண்டாம் பகுதி 22 கிலோ வரையான பிள்ளைகளுக்கும் உரியது. 15 கிலோ எல்லையுள்ள இருக்கையை மூன்றரை வயதளவில் மூத்த பிள்ளை தாண்டிவிடக்கூடும். உங்கள் பிள்ளைகளின் சரியான எடை, கிளினிக்கில் மாதாந்தம் நிறுத்து எழுதுகின்ற பிள்ளைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கடைக்குப் போகும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டிகள் ஐந்து முனை கொண்டவையாக இருக்க வேண்டும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு இடையில் ஒன்று. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டி போதாது. பிள்ளை வழுக்கிக் கீழிறங்கும்போது அது கழுத்துக்கு வந்துவிடும்.

புதியதா, பாவித்ததா?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பணம் மட்டாக உள்ள குடும்பம், சிறுசில்லுள்ள மலிவான புதிய வண்டியைவிட, பெரிய சில்லும் உறுதியான சட்டமும் கொண்ட பாவித்த வண்டியை வாங்குவதே மேல். இரட்டை வண்டியின் தேவை ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடுவதால், நல்ல நிலையில் உள்ளவை விற்பனைக்கு வருகின்றன. இக்மன் என்ற இணைய விற்பனைத் தளத்தில் கொழும்பு விற்பனையாளர்களே கூடுதலாக இருப்பார்கள். அங்கே வாங்குவதாயின் உறவினர் ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள், படத்தை நம்பி முற்பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் தம் பிள்ளைகள் பாவித்ததைப் பொதியில் அனுப்ப முன்வந்தால் அது பெரிய உதவிதான், ஆனால் பொதிக் கூலியையும் கேட்டு அறிந்து, இங்குள்ள விலையோடு ஒப்பிட்ட பின்னரே சம்மதியுங்கள்.

பாவித்த வண்டியைப் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில், முற்றத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சிறு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நமது ஊர்களில் உப்புக்காற்று இரும்புச் சட்டத்தை இணைப்பாணிகளிலிருந்து அரிக்கத் தொடங்குகிறது. பூச்சு குமிழிட்டு எழும்பியிருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டினால் துரு தெரியும். அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது, ஆனால் அதிலுள்ள இரும்பு அச்சும் ஆணியும் துருப்பிடிக்கும். ஆகவே சில்லைக் கழற்றி அச்சைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூட்டுகளில் வெண்மையான மெல்லிய கோடுகள் தென்பட்டால், அந்த இடம் ஏற்கெனவே பாரத்தில் வளைந்து களைத்துவிட்டது என்று பொருள். எவ்வளவு குறைத்துத் தந்தாலும் அந்த வண்டி வேண்டாம். துணியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அது கழற்றித் தோய்க்கக்கூடியதா என்று பார்க்கலாம். பட்டி நைந்திருந்தாலோ கொளுவி சரியாகப் பூட்டாவிட்டாலோ, அதே வகைக்குரிய பட்டியே கிடைத்தாலொழிய வாங்க வேண்டாம். தையற்கடையில் தைத்துப் போட்ட பட்டியில் பிள்ளையின் உயிரை நம்பி வைக்க முடியாது.

மடிப்பு மூட்டுகளைத் தனியாகச் சோதியுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனத்தின் ஒற்றை, இரட்டைக் குடைமடிப்பு வண்டிகள் ஏறத்தாழ 10 இலட்சம் மீளழைக்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போது பக்க மூட்டில் அகப்பட்டுப் பிள்ளைகளின் விரல்நுனிகள் துண்டாகிய 12 சம்பவங்கள் அங்கே பதிவாகியிருந்தன. அந்த மூட்டுகளை மூடுவதற்கு உறைகள் பின்னர் வழங்கப்பட்டன. அக்காலத்தைய வண்டிகள் இன்னும் கைமாறி வரக்கூடும். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும், சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டிலிருந்து வகைப்பெயரையும் தயாரித்த ஆண்டையும் குறித்து, அது மீளழைக்கப்பட்டதா என்று இணையத்தில் தேடிவிடுங்கள். சீட்டே கிழிந்துபோன வண்டியை விட்டுவிடுவது நல்லது. வண்டி விரியும்போதும் மடியும்போதும் பிள்ளைகள் இருவரும் கைக்கெட்டாத தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் கட்டாயமாகப் பின்பற்றுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

கல்முனையிலோ காத்தான்குடியிலோ மட்டக்களப்பு நகரிலோ கடைக்குச் செல்லும்போது, இயலுமானால் பிள்ளைகளையே கூட்டிச் செல்லுங்கள். இயலாவிட்டால் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை இருக்கைகளில் வைத்துத் தள்ளிப் பார்க்கக் கேளுங்கள். வெறும் வண்டி எல்லாமே கடைத் தரையில் இலேசாக ஓடும், பாரம் ஏறிய பின்தான் அதன் குணம் தெரியும். ஒரு கையால் தள்ளி வட்டமாகத் திருப்புங்கள். முன்சில்லு படபடவென்று ஆடினால் அது நாளடைவில் கூடுமேயன்றிக் குறையாது. பிரேக்கைப் போட்டுவிட்டு இடுப்பால் அழுத்தித் தள்ளுங்கள். சில்லு சறுக்கலாம், ஆனால் உருளக்கூடாது. ஒரே மிதிப்பில் இரண்டு பின்சில்லுகளும் பூட்டப்படுகின்ற பிரேக் மிகவும் நல்லது, ஏனெனில் இரண்டு மிதி உள்ளதில் அவசரத்தில் ஒன்று மறந்துபோகும். பிடி உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். அம்மம்மாவும் தள்ளுவார் என்றால் அவரையும் ஒருமுறை தள்ளச் சொல்லுங்கள்.

பிறகு அதை மடியுங்கள், கடைக்காரர் மடித்துக் காட்டுவதைப் பார்ப்பது போதாது. இரண்டு பிள்ளைகளோடு ஓட்டோவில் ஏறுகின்ற தாய் ஒரு பிள்ளையைக் கையில் வைத்தபடியே இதைச் செய்ய வேண்டியிருக்கும். குடையைப் போல நீளமாக மடிவது ஓட்டோவில் கால்வைக்கும் இடத்தில் குறுக்காகக் கிடக்குமா, புத்தகம் போலத் தட்டையாக மடிவது இருக்கைக்குப் பின்னால் நிற்குமா என்பதை, வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கேட்டு ஒருமுறை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் மறுக்க மாட்டார்கள். பஸ்ஸில் இரட்டை வண்டியோடும் இரு பிள்ளைகளோடும் தனியே ஏறுவதை நம்பித் திட்டமிட வேண்டாம். கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போவதாயினும், படி உயரமும் நடைவழி ஒடுக்கமுமாக இருப்பதால், மடித்த வண்டியைத் தூக்கித் தர இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

கோப்பை வைக்கும் தட்டு, விளையாட்டுப் பொம்மை, துணியின் நிறம் ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. இருக்கையின் கீழுள்ள பொருட்கூடைக்குக் கொடுக்கலாம். அது இல்லாதவிடத்துக் கடைப்பைகளைப் பிடியில் கொழுவத் தோன்றும்; பிள்ளை இறங்கியவுடன் அந்தப் பாரம் வண்டியைப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும், மற்றப் பிள்ளை இன்னும் உள்ளே இருக்கும். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள். புதிய வண்டி குறையுடையதாக இருந்து கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

வெயில், நுளம்பு, மழை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் பிள்ளைகளை வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. போகத்தான் வேண்டுமென்றால், வெயில் படுகிறதே என்று வண்டியைத் துணியால் முழுவதும் மூடுகின்ற வழக்கத்தைக் கைவிட வேண்டும். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய துணியால் மூடியபோது வண்டிக்குள் வெப்பம் வெளியைவிடக் கூடியது. அதே துணியை ஈரமாக்கி, சிறு விசிறியும் வைத்தபோது குறைந்தது. நீண்டு வருகின்ற கூரை, பின்பக்கத்தில் காற்றுப்போக வலைச் சாளரம், தடித்த பஞ்சுமெத்தை இல்லாத இருக்கை ஆகிய மூன்றும் நமது காலநிலைக்கு வேண்டியவை. குளிர்நாட்டுக்கென்று செய்யப்பட்ட தடித்த மெத்தை உறையுள்ள வண்டி கிடைத்தால் அந்த உறையைக் கழற்றிவிடுங்கள்.

டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பதால், இரண்டு இருக்கைகளையும் சேர்த்து மூடும் நுளம்பு வலை அவசியம். வலை தனியாக வாங்குவதாயின் பக்கம் பக்க வண்டியின் அகலத்துக்குப் போதுமானதா என்று பாருங்கள். ஒற்றை வண்டிக்கென்று செய்தது நடுவில் இடைவெளி விடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரையான மாரி காலத்துக்குப் பிளாஸ்டிக் மழையுறை பயன்படும். ஆனால் மழை விட்டு வெயில் எறித்தவுடன் அதைக் கழற்ற வேண்டும், உள்ளே சில நிமிடங்களிலேயே புழுங்கிவிடும்.

வாவிக்கரையில், குறிப்பாக மட்டக்களப்புக் காந்தி பூங்காவைப் போன்று நீர் அருகில் உள்ள இடங்களில், வண்டியை நீரை நோக்கி ஒருபோதும் நிறுத்தக்கூடாது. நீருக்குச் சமாந்தரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, பட்டிகளையும் பூட்டிய பின்னரே பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டும். பாலத்துக்கு ஏறி இறங்கும் சரிவுகளில் உங்கள் கையையும் பிடியையும் இணைக்கின்ற கைவார் ஒன்று உதவும். வண்டியோடு வராவிட்டால் தடித்த பருத்தி நாடாவால் செய்துகொள்ளலாம்.

வாங்கிய பின்

மணலில் போய்வந்த நாட்களில் சில்லுகளையும் அச்சுகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கிறீச்சிடுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் மணல் ஒட்டி அச்சைத் தேய்த்துவிடும். உலர்ந்து படிகின்ற சிலிக்கோன் தெளிப்பு கிடைத்தால் அதைப் பாவியுங்கள். மாதம் ஒருமுறை ஆணிகளை இறுக்குங்கள். வெள்ளம் ஏறுகின்ற வளவுகளில் மாரிக்கு முன்னரே வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, துணிகளை முற்றாக உலர்த்தி வையுங்கள்.

பற்றுச்சீட்டு, பாவனைக் கைநூல், கழற்றி வைத்த உறைகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு வைத்தால், மூத்த பிள்ளை வண்டியை விட்ட பின்பு விற்கும்போது நல்ல விலை கிடைக்கும். விற்கும்போது பட்டியோ பிரேக்கோ பழுதாகியிருந்தால் அதை வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். திருத்த முடியாத பழுதென்றால் சில்லுகளைச் சைக்கிள் கடைக்குக் கொடுத்துவிட்டு, சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.